முட்டி போட்டவர்களை எண்ணியவள்

டார்லா கிம்ப்ரோ மேல் எங்கள் ஊரில் பத்து வருடமாக ஒரே ஒரு புகார்தான். குடிக்கிறாள், எவனோடோ சுற்றுகிறாள் என்பதெல்லாம் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் எங்கள் ஊர் சிடார் கேப் எப்போதோ மன்னித்திருக்கும். மனந்திரும்பிய பாவி என்றால் எங்கள் ஊருக்கு அவ்வளவு பிரியம். முன்வரிசையில் உட்கார வைத்து, மைக்கைக் கையில் கொடுத்து, செய்த பாவத்தை விலாவாரியாகச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். டார்லாவின் குற்றம் அதைவிடப் பெரியது. எல்லோரும் ஜெபிக்கும்போது அவள் கண்ணை மூட மாட்டாள்.

அவள் எங்கள் பள்ளிக்கூட ஃபுட்பால் அணிக்குக் காயம் பார்க்கிறவள். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. அதற்கென்று தனியாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். நாற்பத்தேழு வயது. குட்டை உருவம், வெயிலில் வெந்த கழுத்து, இடுப்பில் எப்போதும் ஒரு பை. பையில் கத்தரிக்கோல், ஒட்டுப்பட்டை, பஞ்சு, ஒரு சின்ன டார்ச். வாயில் சூயிங்கம். பையன்கள் ஆண்டவருக்குப் பயப்படுவதைவிட இவளுக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். ஆண்டவர் இதுவரை யாரையும் பெஞ்சில் உட்கார வைத்ததில்லையே! தலையில் அடி என்று டார்லாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் இரண்டு வாரம் ஆட்டம் கிடையாது, பெஞ்சுதான். கோச் கத்தினாலும் சரி, அப்பன்காரன் வந்து கெஞ்சினாலும் சரி, அவள் மசிய மாட்டாள்.

நான் ராய்ஸ் ஹாடக். முப்பது வருடம் கேஸ் லாரி ஓட்டிவிட்டு இப்போது சும்மா இருக்கிறவன். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் நான் பெரிய ஆள். எங்கள் ஃபுட்பாலில் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்; அது பத்து கெஜம் நகர்ந்ததா இல்லையா என்று அளக்கிற சங்கிலியின் ஒரு முனைக் கம்பு என் கையில்தான் இருக்கும். இருபத்திரண்டு வருடமாகப் பிடிக்கிறேன். சம்பளம் கிடையாது, ஒரு ஆரஞ்சு நிற மேல்சட்டை கொடுப்பார்கள். ஊரே படிக்கட்டில் உட்கார்ந்து கத்தும்போது நான் பையன்களின் மூச்சு கேட்கிற தூரத்தில் நிற்பேன். என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு வாரத்தில் இருக்கிற ஒரே நாள் அதுதான். அந்தக் கம்பை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்வது பெற்றோர் சங்கம். டார்லாவின் சம்பளத்தில் பாதியைக் கொடுப்பதும் அதே சங்கம்தான். பிள்ளைகள் படித்து முடித்துப் போய்விட்ட என்னைப் போன்ற கிழங்களும் அதில் உறுப்பினர்கள்.

பள்ளிக்கூடம் ஒலிபெருக்கியில் ஜெபம் நடத்தக் கூடாது என்று கோர்ட் சொல்லி ரொம்ப காலம் ஆகிறது. எங்கள் ஊர் சட்டத்தை மதிக்கிற ஊர். ஆகவே பள்ளிக்கூடம் ஜெபிப்பதில்லை. பள்ளிக்கூடத்து மைதானத்தில், பள்ளிக்கூடத்துச் சட்டை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஜெபிக்கிறார்கள். நடத்துவது பெற்றோர் சங்கத் தலைவர் வெண்டெல் ஸ்கோகின்ஸ். ஒலிபெருக்கி கூடாது என்றுதானே சொன்னார்கள், கையில் பிடிக்கிற மெகாஃபோன் கூடாது என்றா சொன்னார்கள்? அதை வாயில் வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார். உடை மாற்றும் அறையில் ஒரு ஜெபம், ஆட்டம் தொடங்குமுன் ஒன்று, எவனாவது விழுந்து கிடந்தால் ஒன்று, முடிந்ததும் மைதானத்தின் நடுவில் இரண்டு அணியும் வட்டமாக முட்டி போட்டு ஒன்று.

எங்கள் அணியின் பெயர் காட்டுப்பன்றிகள். பிசாசுகளைப் பன்றிக் கூட்டத்துக்குள் அனுப்பிக் கடலில் தள்ளியவரிடம் போய், "கர்த்தாவே, இந்தப் பன்றிகளை ஆசீர்வதியும்" என்று வாராவாரம் கேட்கிற தைரியம் வேறு எந்த ஊருக்கும் வராது. நான் ஒருமுறை இதை வெண்டெலிடம் சொல்லிப் பார்த்தேன்.

"ராய்ஸ், நீ சங்கிலியப் பிடி. வேதத்தை நான் பாத்துக்கறேன்" என்றார்.

வெண்டெல் முதல் பாப்டிஸ்ட் சபையின் டீக்கன், போதகருக்கு அடுத்தபடி சபைக் காரியம் பார்க்கிறவர். வாரநாளில் இன்ஷூரன்ஸ் விற்பார். ஆலங்கட்டி மழை வரவே கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை கண்ணீர் விட்டு ஜெபித்துவிட்டு, கட்டாயம் வரும் என்று திங்கட்கிழமை பாலிசி விற்பார். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். என் மனைவியின் அடக்கத்துக்கு முதல் ஆளாக வந்து நாற்காலி தூக்கிப் போட்டவர் அவர். ஆனால் ஜெபத்தை எங்கே முடிப்பது என்று மட்டும் அவருக்குத் தெரியாது.

டார்லா ஏன் கண்ணை மூடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. இரண்டு வருடம் முன்னால் வெளியூர் ஆட்டத்துக்குப் போகிற பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தோம். நான்தான் வாயைக் கிளறினேன்.

"ஏம்மா, உனக்கு நம்பிக்கை இல்லையா? இல்ல, வெண்டெல் மேல இருக்கற வெறுப்பா?"

"யார் சொன்னா நம்பிக்கை இல்லன்னு? எங்கப்பா ஓக்லஹோமால பாப்டிஸ்ட் போதகர். நான் தினமும் ஜெபம் பண்றேன். கண்ணைத் திறந்துக்கிட்டுப் பண்றேன். ஆண்டவர் என்ன, இருட்டுல மட்டுந்தான் வருவாரா?"

"அப்புறம் என்னதான் பாக்கற?"

"எண்றேன். எத்தனை பேர் முட்டி போட்டாங்க, எத்தனை பேர் எழுந்திருச்சாங்கன்னு."

பிறகு அவளாகவே சொன்னாள். அவளுக்கு டென்னி என்று ஒரு தம்பி. அவனும் ஃபுட்பால் ஆடினான். ஒருநாள் ஆட்டம் முடிந்து எல்லோரும் நடு மைதானத்தில் முட்டி போட்டார்கள். ஜெபம் நடத்தியது அப்பாதான். ஆமென் சொன்னார், பையன்கள் எழுந்து போனார்கள், டென்னி மட்டும் குனிந்த தலையோடு அப்படியே இருந்தான். பார்த்தவர்கள் எல்லோரும் விலகி நடந்தார்கள். எவ்வளவு பக்தி பாரேன், தொந்தரவு பண்ணாதே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. விளக்கை அணைக்க வந்த ஆள்தான் தோளைத் தொட்டிருக்கிறான். பையன் அப்படியே சாய்ந்துவிட்டான். ஆட்டத்தில் தலையில் பட்ட அடி; இரண்டு நாள் கழித்துப் போய்விட்டான்.

"அப்ப எனக்குப் பதினஞ்சு வயசு. நானும் அங்கதான் நின்னேன், ராய்ஸ். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு" என்றாள். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வருடம் ஆகஸ்டு கடைசியில் எங்கள் வாரப் பத்திரிகையில் முதல் ஆட்டத்தின் ஜெபப் படம் வந்தது. முதல் பக்கத்தில், அரைப் பக்கத்துக்கு. நாற்பது தலை குனிந்திருக்கிறது. நடுவில் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து நின்று சூயிங்கம் மெல்லுகிறாள். காபிக் கடையில் அந்தப் பத்திரிகை கைமாறிக் கைமாறிக் கிழிந்தே போயிற்று.

"பாத்தியா, எவ்வளவு திமிரு!" என்றார் வெண்டெல்.

"படம் எடுத்தவன் கண்ணும் திறந்துதானே இருந்துது? அவனை ஏன் கேக்கல?" என்றேன்.

"அவன் மெதடிஸ்ட், நம்ம சபை இல்ல" என்றார் வெண்டெல். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

செப்டம்பர் கடைசி வெள்ளி ஹார்க்கியோடு ஆட்டம். ஹார்க்கி பதினெட்டு மைல் தள்ளி இருக்கிற ஊர். அவர்களும் பாப்டிஸ்டுகள், அவர்களும் அதே ஆண்டவரிடம் அதே வெற்றியைக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். எங்கள் குவாட்டர்பேக் கோல்பி ரென்ஃப்ரோ. பந்தை எறிகிறவன் அவன்தான், ஆகவே ஊரின் சந்தோஷமும் துக்கமும் அவனுடைய வலது கையில். பதினேழு வயது, நல்ல பிள்ளை. மூன்றாவது கால்பகுதியில் ஐந்தாறு பேர் அவன்மேல் விழுந்து குவிந்தார்கள். எல்லோரும் எழுந்தார்கள், அவனும் எழுந்தான். ஆனால் டார்லா மட்டும் கோட்டோரமாக என்னைத் தாண்டி ஓடினாள்.

"கோல்பி, தலையில பட்டுதா?"

"இல்ல மேடம்."

"மாசத்தோட பேரைப் பின்னாலருந்து சொல்லு."

டிசம்பர், நவம்பர் என்று தடங்கலில்லாமல் ஜனவரிவரை சொன்னான். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. கோச் டாக்கெட் பின்னால் நின்று, "டார்லா, பையனைப் பரிட்சைக்கா அனுப்பறோம்? விடும்மா!" என்று குதித்தார். அவள் அரை மனதாக விட்டாள். அதன் பிறகு அவள் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, அவனைத்தான் பார்த்தாள்.

கடைசி நிமிடத்தில் கோல்பி எறிந்த பந்தில் நாங்கள் ஜெயித்தோம். ஊரே இறங்கி மைதானத்துக்குள் வந்துவிட்டது. இரண்டு அணியும் நடுவில் முட்டி போட்டன. வெண்டெல் மெகாஃபோனைத் தூக்கினார். வெற்றிக்கு நன்றி சொன்னார். கோல்பியின் வலது கைக்கு நன்றி சொன்னார். ஹார்க்கிக்காரர்கள் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும் என்றார், அதுவும் தோல்வியைத் தாழ்மையோடு ஏற்றுக்கொண்டு. பிறகு ராணுவம், பிறகு மழை, பிறகு நாட்டின் தலைவர்களுக்கு நல்ல புத்தி. நான் ஒரு கண்ணைத் திறந்து கடிகாரம் பார்த்தேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

கோல்பியின் தலை மற்ற தலைகளைவிடக் கீழே இருந்தது. பக்கத்தில் வைத்திருந்த ஹெல்மெட் உருண்டு போனது. அவன் கை நீட்டவில்லை. என் பின்னால் ஒரு அம்மாள் விசும்பினாள். "பாருங்க, அந்தப் புள்ளைக்கு எவ்வளவு உருக்கம்!"

அது டார்லாவின் காதில் விழுந்தது. அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அடுத்த நொடி பையன்களின் முதுகைத் தாண்டித் தாண்டி வட்டத்துக்குள் போய்விட்டாள். வெண்டெல் குரலை உயர்த்தினார்.

"கோல்பி, என்னைப் பாரு. இன்னிக்கு என்ன கிழமை?"

"ஞாயித்துக்கிழமை, மேடம்."

பக்கத்துப் பையன் ஒருவன் சிரித்துவிட்டான். டார்லா டார்ச்சை அடித்தாள். இந்த முறை ஒரு கண்ணின் பாப்பா சுருங்கவே இல்லை.

"வெண்டெல், ஆமென் சொல்லுங்க."

"சகோதரி, நான் கர்த்தரோட பேசிட்டு இருக்கேன்!"

"அவர் காத்திருப்பாரு. இவன் காத்திருக்க மாட்டான். ராய்ஸ்! ஆம்புலன்ஸ்!"

நான் கம்பைப் போட்டுவிட்டு ஓடினேன். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன் வண்டிக்குப் பக்கத்தில் தொப்பியை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தான். வண்டியின்மேல் ஓங்கி ஒரு குத்துவிட்டேன். லப்பக் நகரத்து ஆஸ்பத்திரியில் பையனின் மண்டையைத் திறந்து உள்ளே கசிந்திருந்த ரத்தத்தை எடுத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் பிள்ளையை வேறு மாதிரிதான் கொண்டு போயிருப்பீர்கள் என்று அவனுடைய அப்பாவிடம் டாக்டர் சொன்னாராம். பையன் பிழைத்தான். ஃபுட்பால் மட்டும் இனி கிடையாது.

இந்த இடத்தில் ஊர் டார்லாவுக்குக் கைகொடுத்திருக்கும் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு எங்கள் ஊரைத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சபையில் ஸ்தோத்திர ஆராதனை. வெண்டெல் எழுந்து, "நாம முட்டி போடாம இருந்திருந்தா அந்தப் பிள்ளைக்கு நோவு இருக்கறது தெரிஞ்சிருக்குமா? ஜெபந்தான் காப்பாத்திச்சு!" என்றார். அல்லேலூயா பறந்தது. டார்லா என்கிற பெயரே அந்த ஒன்றரை மணி நேரத்தில் வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நானும் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பாடினேன்.

பிறகு கோல்பி இல்லாமல் வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றோம். மூன்றாவது, பழைய மாணவர்கள் எல்லாம் வெளியூரிலிருந்து வந்து உட்காரும் ஆட்டம். அதில் நாற்பத்தொன்றுக்கு பூஜ்யம். அதற்குப் பிறகு காபிக் கடையில் கதை மாறிவிட்டது. ஜெபத்தை நடுவில் வெட்டியதால்தான் ஆசீர்வாதம் போயிற்றாம். பாதி ஜெபத்தில் நிறுத்தினால் அது சாபமாகத் திரும்பும் என்று வேதத்திலேயே இருக்கிறதாம். எந்த இடத்தில் என்று கேட்டேன். தேடிச் சொல்கிறோம் என்றார்கள். பையனை ஜெபம் காப்பாற்றியது, அணியை டார்லா கெடுத்தாள். இரண்டையும் ஒரே வாயால், ஒரே காபியை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்கள்.

புதன்கிழமை நான் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுப் பள்ளிக்கூடச் சாமான் அறையில் வைக்கப் போனேன். டார்லா மேஜைமேல் ஒட்டுப்பட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வெண்டெல் அங்கே உட்கார்ந்திருந்தார், மனைவி சுட்ட பெக்கான் பருப்புப் பலகாரம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு.

"உக்காரு ராய்ஸ், நீயும் கேளு. நான் இந்தப் பொண்ணுக்கு நல்லதுதான் சொல்றேன்" என்றார். "ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கப்புறம் சங்கக் கூட்டம். ஒன் வேலை சம்பந்தமா ஓட்டு வருது, டார்லா. எங்க அக்கா மகனும் அந்த வேலையைக் கேக்கறான். வாலிபர் ஊழியம் பண்றான், முதலுதவி வகுப்புக்குக்கூடப் போயிருக்கான்."

"எத்தனை நாள் வகுப்பு?" என்றாள் டார்லா.

"ஒரு சனிக்கிழமை. அது முக்கியமில்ல. நீ காலைல ஆராதனைக்கு வா. சாட்சி சொல்லு. ஜெபத்துல கண்ணை மூடித்தான் இருந்தேன், பரிசுத்த ஆவியானவர் என் கண்ணைத் திறந்து அந்தப் பிள்ளையக் காட்டினாருன்னு சொல்லு. அவ்வளவுதான். ஊர் ஒன்னைத் தூக்கி வெச்சுக் கொண்டாடும். ஓட்டே தேவைப்படாது."

"ஆனா நான் மூடலயே."

"மூடினேன்னு சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்?"

"சபையில நின்னு பொய் சொல்லச் சொல்றீங்களா, டீக்கன்?"

வெண்டெலுக்குக் காது சிவந்துவிட்டது. "பொய் இல்ல, அது ஒரு... அது சொல்ற விதம்!"

"அவர்தான் காட்டினாருன்னு நானும் நம்பறேன். காட்டினப்ப என் கண்ணு ஏற்கெனவே திறந்திருந்துது. அதை வேணா சொல்றேன். மத்தவங்களையும் திறந்து வெச்சுக்கச் சொல்றேன். சரியா?"

வெண்டெல் எழுந்தார். பலகாரத்தை வைத்துவிட்டுப் போவதா, எடுத்துக்கொண்டு போவதா என்று ஒரு நிமிடம் யோசித்தார். எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"அவரோட அக்கா மகனுக்கு ஒண்ணும் தெரியாது, ராய்ஸ்" என்றாள் டார்லா. அடுக்கிய பட்டைகளைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். "பிளாஸ்திரி ஒட்டுவான். இங்க முப்பத்தெட்டுப் பசங்க இருக்காங்க. எனக்கு வேற ஊர்ல வேலை கிடைக்கும். இந்தப் பசங்கள யாரு பாப்பா?"

"கவலப்படாத. நான் இருக்கேன்ல, கூட்டத்துல பேசறேன்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை சபையின் சாப்பாட்டு ஹாலில் கூட்டம். வாட்டிய மாட்டிறைச்சி, பீன்ஸ், வாழைப்பழப் புட்டிங் எல்லாம் முடிந்து ஆட்கள் இடுப்பு வாரைத் தளர்த்தியிருந்தார்கள். வெண்டெல் தலைவர் நாற்காலியில். உறுப்பினர்கள் இருபது பேர். கோல்பியின் அம்மாவும் அப்பாவும் லப்பக்கில் பிள்ளையின் பக்கத்தில். அவர்கள் இருந்திருந்தால் கதையே வேறு. கோச் ஓரமாக நின்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். டார்லா கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோடு நின்றாள்.

யாருக்காவது பேச இருக்கிறதா என்று வெண்டெல் கேட்டார். எனக்கு டென்னியின் கதை நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் போதும், அந்த ஹாலில் கல்நெஞ்சுக்காரன்கூட எதிர்த்துக் கை தூக்கியிருக்க மாட்டான். வெண்டெல் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சாதாரணமாக, "சங்கிலி பிடிக்கறவங்க பட்டியலும் இந்த வாரம் புதுசாப் போடணும், ஞாபகம் இருக்கட்டும்" என்று செயலாளரிடம் சொன்னார். நான் புட்டிங் கிண்ணத்தைச் சுரண்டினேன்.

"இது மனசாட்சி விஷயம்" என்றார் வெண்டெல். "ஒருத்தரை ஒருத்தர் பாத்து ஓட்டுப் போட வேணாம். எல்லாரும் தலை குனிஞ்சு கண்ணை மூடுங்க. கையை மட்டும் தூக்குங்க. சமமா வந்தா இப்ப இருக்கறபடியே இருக்கட்டும்."

எங்கள் சபையில் இரட்சிப்புக்கு அழைக்கும்போது அப்படித்தான் செய்வது. எல்லோரும் கண்ணை மூடுவார்கள், மனம் திரும்புகிறவன் கையைத் தூக்குவான், போதகர் மட்டும் பார்த்து, "பார்த்தேன் சகோதரா, கையை இறக்கலாம்" என்பார். வெண்டெல் போதகர் இல்லை, நாற்பது வருடமாகக் கண்ணை மூடுகிற கூட்டத்தில் ஒருவர். ஆகவே கண்ணை மூடுங்கள் என்று சொன்ன வேகத்தில் அவர் கண்ணும் தானாக மூடிக்கொண்டது.

"சகோதரி டார்லா வேண்டாம்னு நினைக்கறவங்க தூக்கலாம்" என்றார். கைகள் எழுந்தன. "பார்த்தேன்... பார்த்தேன்... இறக்கலாம்" என்றார், இமையை இறுக்கிக்கொண்டு. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் வழக்கம்போலக் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். எண்ணினேன். பத்து.

"வேணும்னு நினைக்கறவங்க."

ஒன்பது கை எழுந்தது. என் கையும் தோள்வரை வந்தது. அப்போதுதான் எதிரே மேஜைமேல் இருந்த பெரிய எவர்சில்வர் காபிப் பாத்திரத்தைப் பார்த்தேன். அதில் ஹால் முழுவதும் தெரிந்தது. குனிந்த தலைகள் தெரிந்தன, திறந்த கண்ணோடு என் மூஞ்சியும் தெரிந்தது. நான் திருட்டுத்தனமாகப் பார்ப்பதுபோல இன்னொருவனும் பார்த்துக்கொண்டிருந்தால்? போய் வெண்டெலிடம் சொன்னால்? அந்த நேரத்தில் எனக்கு கோல்பி ஞாபகம் வரவில்லை, டென்னி வரவில்லை. ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு வேறு எவனோ என் கம்பைப் பிடித்து நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. கையை இறக்கிக் காதைச் சொறிந்துகொண்டேன்.

"பார்த்தேன், இறக்கலாம். ஆமென்" என்று வெண்டெல் கண்ணைத் திறந்தார். "சரி, செயலாளரம்மா, எத்தனை?"

"என்னைக் கேட்டா? நீங்கதானே கண்ணை மூடச் சொன்னீங்க."

"நீங்க எண்ணலயா?"

"பார்த்தேன் பார்த்தேன்னு நீங்கதானே சொல்லிட்டிருந்தீங்க!"

இன்னொரு தடவை வைக்கலாமா என்று யாரோ முனகினார்கள். அப்போது சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

"வேணாம்னு பத்து. வேணும்னு ஒன்பது" என்றாள் டார்லா.

அவள் சொன்னதை அத்தனை பேரும் உடனே நம்பினார்கள். பத்தையும் ஒன்பதையும் அவள் மாற்றிச் சொல்லியிருந்தால் இப்படி நம்பியிருப்பார்களா? பத்து வருடத்தில் அவள் பேச்சை இந்த ஊர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது அந்த ஒரு தடவைதான். வெண்டெல் மட்டும் விரலை மடக்கிக் கூட்டினார்.

"பத்தொம்போதுதானே வருது? இருபது பேர் இருக்கோமே."

"ஒருத்தர் ரெண்டுக்கும் தூக்கல."

"யாரு அது?"

டார்லா வெண்டெலைத்தான் பார்த்தாள், என் பக்கம் திரும்பவில்லை. "அது உங்களுக்கு எதுக்கு? யாரும் யாரையும் பாக்க வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

நான் பின்னால் ஓடினேன். வண்டிகள் நிற்கிற இடத்தில் அவள் தன் வண்டிக் கதவைத் திறந்து, இடுப்புப் பையைக் கழற்றி இருக்கையில் போட்டுக்கொண்டிருந்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல் அவள் பெயரைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்; காது அரித்தது, அதான் கை அங்கே போயிற்று என்று ஏதோ உளறினேன். அறுபத்தாறு வயதில், பட்டப்பகலில், சபை வாசலில் நின்றுகொண்டு.

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பையன்களின் கண்ணில் டார்ச் அடிக்கும்போது பார்ப்பாளே, அப்படி ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க கண்ணு திறந்திருந்துது, ராய்ஸ். நல்லாத் தெரியுது உங்களுக்கு. அந்த அக்கா மகன் கண்ணை மூடிக்குவான், வெண்டெல் மூடிக்குவாரு. இனிமே அங்க பாக்கறது நீங்க ஒருத்தர்தான்" என்றாள். வண்டியில் ஏறிக் கண்ணாடியை இறக்கினாள். "வர்ற வெள்ளிக்கிழமை எவனாவது முட்டி போட்டவன் எழுந்திருக்காம இருந்தா, அப்பவாவது கையத் தூக்குங்க."